விண்ணரசியின் பின்பாட்டுக்காரர்கள்

சங்குமுனையில் செத்தவர்கள் பாடுவார்கள் என்று வெளியூரில் ஒரு பேச்சு இருக்கிறது, அது சுத்தப் பொய். எங்கள் ஊரில் செத்தவர்கள் பாடியதே கிடையாது, பின்பாட்டு மட்டும்தான் பாடினார்கள், அதுவும் கஸ்பார் மகள் விண்ணரசி வாயைத் திறந்தால்தான் பாடினார்கள், இதைச் சொல்லிச் சொல்லி என் நாக்கு தேய்ந்ததுதான் மிச்சம். கருவாட்டுக் கூடையை இறக்கிவைத்துச் சந்தையில் உட்கார்ந்தால் போதும், நெத்திலியை மோந்து பார்த்துக்கொண்டே, "நீங்க சங்குமுனைதானே, அந்த ஆல்பம் போட்ட பொண்ணு உங்க ஊருதானே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். என்னிடம் கேட்பதும் நியாயம்தான். அந்தப் பின்பாட்டுக்காரர்களில் ஒருத்தர் என் வீட்டு மனுசர். அவர் பெயர் தொம்மை, என் பெயர் பிரகாசி, இனி குறுக்கே பேசாமல் கேட்டால் முழுசாகச் சொல்கிறேன்.

எங்கள் கரையில் கரைவலை இழுப்பார்கள். வலையை வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக இறக்கிவிட்டு, இரண்டு பக்கத்துக் கயிற்றையும் கரையில் நின்று இழுக்க வேண்டும், கடல் அந்தப் பக்கம் இழுக்கும், நாம் இந்தப் பக்கம் இழுக்க வேண்டும், இது வெறும் கையால் ஆகிற வேலை இல்லை, அதற்குப் பாட்டு வேண்டும். ஒருத்தர் பாட்டை எடுத்துக் கொடுப்பார், ஒரு வரி பாடி நிறுத்துவார், அவர் நிறுத்திய இடத்தில் கயிறு பிடித்தவர்கள் எல்லாரும் "ஏலேலோ" என்று பதில் சொல்லி ஒரே மூச்சாக இழுப்பார்கள், அந்தப் பதில்தான் பின்பாட்டு, இழுத்து முடித்ததும் அவர் அடுத்த வரியை எடுப்பார். எங்கள் கரையில் எடுத்துக் கொடுப்பவர் கஸ்பார் அண்ணன். மாதாவைப் பற்றியும் பாடுவார், மாமியாரைப் பற்றியும் பாடுவார், அன்றைக்கு யார் வீட்டில் என்ன குழம்பு என்பதையும் பாடுவார், எதைப் பாடினாலும் கயிறு வந்துவிடும். பெண்கள் நாங்கள் கூடையோடு ஓரமாக நிற்போம். பொம்பளை பாட்டெடுத்தால் மீன் திரும்பிப் போய்விடும் என்பது எங்கள் ஊர்ச் சட்டம், மீனிடம் யாரும் கேட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

விண்ணரசி வளர்ந்தது அந்தக் கயிற்றுச் சுருளின் மேல்தான். அவள் அம்மா பிலோமி மைனிக்குக் கூடை சுமக்கவே நேரம் சரியாக இருக்கும், அதனால் பிள்ளையைச் சுருள்மேல் உட்காரவைத்துவிட்டுப் போய்விடுவாள், பிள்ளை அப்பன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். பேச்சு வந்தபோதே பாட்டாகத்தான் வந்தது. "அம்மா சோறு" என்று சொல்லிவிட்டு நிறுத்தும், யாராவது "ம்" என்று சொன்னால்தான் "தா" என்று முடிக்கும். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் கஸ்பார் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே சாய்ந்துவிட்டார். அதற்கு முந்தின ஐப்பசியில்தான் என் வீட்டு மனுசர் புயலில் போயிருந்தார். உடம்பு கரையில் ஒதுங்கியது, அதுவே பெரிய பாக்கியம் என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள், அந்தப் பாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று நான் அவர்களைக் கேட்கவில்லை.

அப்பன் போன பிறகு மடத்துச் சிஸ்டர் அந்தப் பிள்ளையைக் கோயில் பாடகர் குழுவில் சேர்த்துக்கொண்டார். அங்கேதான் ஆர்மோனியமும் கிட்டாரும் பழகினாள். ஒரு பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம், வெக்கையில் சனமெல்லாம் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்க, சிலுவைப்பாதைப் பாட்டில் ஒரு வரியைத் தனியாகப் பாடச் சொல்லி அவளை முன்னால் நிறுத்தினார்கள். அதுவரைக்கும் அவள் கூட்டத்தோடு பாடியவள்தான். பாடினாள், வரி முடிந்தது, நிறுத்தினாள், அவள் நிறுத்தியதும் ஆண்கள் பக்கமிருந்து கனத்த தொண்டையாக "ஏலேலோ" என்று பதில் வந்தது. பங்குச் சாமியார் திரும்பி ஆண்கள் பக்கம் முறைத்தார். ஆண்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வரியைப் பாடினாள், அடுத்த ஏலேலோ வந்தது, அப்போது நான் என் பக்கத்தில் இருந்த மார்த்தாளிடம், "இந்த மூக்கால பாடுதது எங்க வீட்டு மனுசர்லா" என்றேன், அவள், "ஆமா மைனி, பக்கத்துல எங்க அண்ணனும் இருக்கான்" என்று சொல்லிவிட்டு விசிறியைக் கை மாற்றிக்கொண்டாள். என் வீட்டு மனுசர் மூக்கால்தான் பாடுவார், மூக்கால்தான் என்னைப் பெண் பார்த்துவிட்டுச் சம்மதமும் சொன்னார், எனக்கு எப்படி அடையாளம் தெரியாமல் போகும்.

பூசையில் இது சரிப்படாது என்று சாமியார் சொல்லிவிட்டார். ஆண்டவருடைய பாடுகளை வாசிக்கும்போது வலை இழுத்தால் சனத்துக்குக் கவனம் சிதறும் என்பது அவருடைய எண்ணம், அதுவும் தப்பில்லை. அதனால் சாயங்காலம் வேலை முடிந்து கரைக்கு எல்லாரும் வந்து உட்கார, விண்ணரசி கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் ஏறிப் பாட, அவரவர் வீட்டு மனுசர்களை அவரவர் கேட்டுக்கொள்வது என்று ஏற்பாடாயிற்று. முதலில் கேட்டுவிட வேண்டும், அழுவதானால் வீட்டுக்குப் போய் அழுதுகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவளுக்குக் கேட்காது என்பதும் சாமியார் போட்ட சட்டம்தான். எந்தக் குரல் எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரிந்துகொண்டு, கோயிலில் இடம் பிடிக்கிற மாதிரி முந்தானையை விரித்துப் போட்டு இடம் பிடித்தோம்.

சண்டை வராமலா இருக்கும்? சேசுராசுக்கு இரண்டு குடும்பம், உயிரோடு இருந்தவரைக்கும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்ததில்லை, இப்போது இரண்டு பேரும் ஒரே குரலுக்கு ஒரே இடத்தில் முந்தானை விரிக்க வேண்டியதாயிற்று. நாலைந்து மாசம் முறைத்துக்கொண்டார்கள், பிறகு ஒருத்தி சுக்குக்காப்பி கொண்டுவந்தால் மற்றவள் முறுக்கு கொண்டுவந்தாள். மார்த்தாளின் புருசன் இருதயம் கடலுக்குப் போய்த் திரும்பாதவன், உடம்பும் கிடைக்கவில்லை, அவனுக்கும் சேர்த்து உலை வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் பின்பாட்டில் அவன் குரலும் சேர்ந்து வந்தது, அவள் எழுந்து வீட்டுக்குப் போய் உலையிலிருந்து ஒரு பிடி அரிசியை எடுத்தாள், மறுநாள் அவனுக்காகப் பூசை வைத்தாள். தையல்காரர் பாக்கியத்துக்குத்தான் ஆற்றாமை. அவர் அப்பாவும் தையல்காரர், கயிற்றைத் தொட்டதே இல்லை, அதனால் பின்பாட்டில் அவர் குரல் வரவில்லை. "செத்த பிறகாவது நாலு பேரோட சேந்து கயிறு பிடிக்கக் கூடாதா அந்த மனுசன்" என்று எங்களிடம் வந்து சலித்துக்கொள்வார்.

இதிலே ஒரு வேடிக்கை என்னவென்றால், துறைமுகத்து வேலைக்கும் உப்பளத்துக்கும் போய்விட்ட பயல்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வந்து கயிறு பிடிக்க ஆரம்பித்தார்கள். கயிறு பிடித்தவன்தான் பிற்பாடு பாட முடியும் என்று ஆகிவிட்டதல்லவா, யாருக்கும் விட்டுப்போக மனசில்லை, உடம்புக்கு முடியாத கிழவர்கள்கூடக் காய்ச்சலோடு வந்து கயிற்றை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனார்கள். ஆனால் ஒருத்தரும் வாயைத் திறந்து பாடவில்லை. அவ்வளவு நல்ல தொண்டைகள் பாடுகிறபோது நம் தொண்டை எதற்கு என்று இருந்துவிட்டார்கள், கோயிலிலும் அப்படித்தான், கல்யாண வீட்டிலும் அப்படித்தான், விண்ணரசி பாடுவாள், செத்தவர்கள் பதில் சொல்வார்கள், உயிரோடு இருக்கிற நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம். எங்களுக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

அவளுக்கு எப்படி இருந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. காலையில் ஐஸ் கம்பெனி வேலைக்குப் போவாள், சாயங்காலம் வள்ளத்தின் மேல் ஏறுவாள், திருவிழாக் காலத்தில் ஜெபமணி நடத்திய இன்னிசைக் குழுவோடு ஊர் ஊராகப் போய்ச் சினிமாப் பாட்டுப் பாடுவாள். வடக்கே கரிசல் காட்டு ஊரில், கடலையே பார்க்காத சனத்தின் முன்னால், அவள் ஒரு காதல் பாட்டைக் குழைந்து பாடி நிறுத்த, எங்கள் ஊர்க் கிழவர்கள் ஏலேலோ என்று இறங்கிவிட்டார்களாம், கூட்டம் விசிலடித்து இன்னொரு தடவை பாடச் சொன்னதாம். கோரஸ் பாட ஆள் தேட வேண்டாம் என்று ஜெபமணிக்கு வாயெல்லாம் பல்.

அவளாக எழுதிய பாட்டுகள் தனி. அதை முதலில் எனக்குத்தான் பாடிக் காட்டினாள், என் வீட்டில்தான், நான் சாளை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தபோது. ஐஸ் கம்பெனியில் கூட வேலை பார்த்த ஒரு பையன் அவளைக் கட்டுவதாகச் சொல்லி, திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கச் சொல்லி, வராமலே போய்விட்டான், அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும், பாட்டைக் கேட்டுத்தான் தெரியும்.

"நீ வராத பஸ்ஸில் ஏறி
நான் மட்டும் ஊர் வந்தேன்" என்று பாடினாள், நிறுத்தினாள்.

"ஏலேலோ" என்றார்கள் கிழவர்கள், அடுக்களை அதிர, அதில் என் வீட்டு மனுசர் மூக்கால்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. கிட்டாரை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "சித்தி, இது என் அழுகை. இதுக்கும் கயிறு இழுக்காவ பாத்தியளா" என்றாள்.

"அவியளுக்கு என்னத்தத் தெரியும், நீ பாடுதேன்னு கூட நிக்காவ."

"கூட நிக்கட்டும். ஒரே ஒரு வரி நான் தனியா முடிக்க வேண்டாமா? எனக்கு எங்குரல் எப்படி இருக்கும்னே தெரியாது. நல்லதா கெட்டதான்னு தெரியாது. ஊரே என் பாட்டக் கேக்குது, ஆனா என்னைய ஒருத்தரும் கேட்டதில்ல சித்தி. நானே கேட்டதில்ல. சாவுததுக்குள்ள ஒரு தடவை கேட்டுரணும்."

நான் சாளையைத் திருப்பிப் போட்டு உரசினேன். எனக்கு அந்த மூக்குக் குரல் வேண்டும்.

அந்தப் பாட்டுகளைத் தனி ஆல்பமாகப் போடுவது என்று முடிவு செய்துகொண்டு அவள் மெட்ராசுக்கு ரயிலேறினாள். அங்கே இளம்பரிதி என்று ஒரு பையன், மாடியில் சின்னதாக ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருக்கிறான், யூட்யூபில் அவள் பாட்டைக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டிருந்தான். பஞ்சு ஒட்டின சுவர், கண்ணாடி அறை, கதவைச் சாத்தினால் காகம் கத்துவதுகூடக் கேட்காதாம், ஒரே ஒரு மைக். அதற்குள் இவளைத் தனியாக நிறுத்திப் பாடவைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தால், பின்னால் ஒரு கரையே நின்று இழுத்துக்கொண்டிருக்கிறது. அவன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, "அக்கா, எத்தனை பேரோட வந்தீங்க?" என்று கேட்டானாம். இவள் விஷயத்தைச் சொன்னாள். அப்படியா, அவர்களுக்கு எட்ட ஒரு மைக் வைக்கட்டுமா என்று கேட்டானாம், நல்ல பையன்தான். ஊர்ப் பெயரிலேயே ஆல்பமாகப் போட்டுவிடலாம், சனம் கொண்டாடும் என்றான். இவள் மாட்டேன் என்றாள். தனியாகத்தான் வேண்டும் என்றாள். அவனும் சளைக்காமல் திரும்பத் திரும்பப் பாடவைத்து, திரும்பத் திரும்பக் கேட்டு, கடைசியில் ஒரு நாள் கேட்டான்.

"அக்கா, ஒவ்வொரு வரிக்கும் அப்புறம் நிக்கிறீங்களே, யாருக்காக நிக்கிறீங்க?"

"நான் எங்க நின்னேன்?"

அவன் போட்டுக் காட்டினான். வரி முடிந்ததும் ஓர் இடைவெளி, சரியாக ஒரு ஏலேலோ போய்வருகிற அளவுக்கு, எல்லாப் பாட்டிலும், எல்லா வரியிலும். தான் நிற்பது அவளுக்கே தெரியாது. எங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்? நாங்கள் பேசுவதே அப்படித்தான், ஒன்று சொல்லுவோம், நிறுத்துவோம், எதிராளி "ம்" போட்டால்தான் மேலே போவோம். போனில் பேசும் வெளியூர்க்காரர்கள் லைன் போய்விட்டது என்று வைத்துவிடுவார்கள். இந்தப் பிள்ளை சினிமாப் பாட்டையும் அப்படித்தான் பாடியிருக்கிறது, சிலுவைப்பாதையையும் அப்படித்தான் பாடியிருக்கிறது. வாசலைத் திறந்துவைத்துவிட்டு ஏன் வருகிறாய் என்று கேட்டால் வந்தவன் என்ன செய்வான்? கூப்பிட்டதாக நினைத்து, பாவம், அவர்களும் ஓடோடி வந்திருக்கிறார்கள்.

அவள் ஊருக்குத் திரும்பி வந்து பாட்டுகளைப் பிரித்துத் தைத்தாள். ஒரு வரியின் வாலை அடுத்த வரியின் தலைக்குள் நுழைத்து, மூச்சுவிடுகிற இடத்தைச் சொல்லுக்கு நடுவே ஒளித்துவைத்து, நிற்காமல் பாடிப் பழகினாள். பஸ்ஸில் போகும்போது முனகிக்கொண்டே போவாள், ஐஸ் உடைக்கிற மிஷின் சத்தத்துக்குள் பாடுவாள், மூச்சு முட்டி இருமுவாள். அந்தப் பாட்டுகளில் பின்பாட்டுக்காரர்களுக்கு நுழைய இடமில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அது எங்கள் காதுக்கும் வந்தது. சாயங்காலம் வள்ளத்தின் மேல் ஏறுவதையும் அவள் நிறுத்தியிருந்தாள், தொண்டை சரியில்லை என்று சொன்னாள், எந்தத் தொண்டை என்று எங்களுக்குத் தெரியாதா.

நாங்கள் கூட்டமாகப் போனோம். நான்தான் முன்னால் போனேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, இன்றைக்கு அப்படி ஆனாலும் போவேன். பிலோமி மைனி வாசலில் மீன் காய வைத்துக்கொண்டிருந்தாள், எங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் பாயை விரித்தாள். விண்ணரசி நின்றுகொண்டே இருந்தாள்.

"நிக்காம பாடப் போறியாமே," என்றேன்.

"ஆமா சித்தி."

"நல்லா யோசிச்சுக்கோ ஏட்டி. இது உனக்கு ஒரு பாட்டு. எனக்கு ஒரு மனுசன்."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்? கட்டிப் பாத்தியா, கடலுக்கு விட்டுக்குடுத்துப் பாத்தியா? நான் காலையில கூடையத் தூக்குததே சாயங்காலம் அந்தக் குரலக் கேக்கலாம்னுதான். அதப் புடுங்கிட்டு நீ ஆல்பம் போடு, படம் ஒட்டு, எங்களுக்கு என்ன வந்துச்சு."

மார்த்தாள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். சேசுராசின் பெண்டாட்டிகள் இரண்டு பேரும் ஒன்றாக மூக்கைச் சிந்தினார்கள். விண்ணரசிக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனால் அந்தப் பிள்ளை இறங்கவில்லை. "சித்தி, அவிய உங்க வீட்டு மனுசங்கதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா குடியிருக்குதது என் தொண்டையில. நான் எங்க போயி இருக்க?" என்றாள்.

அதற்கு யாரும் பதில் சொல்வதற்கு முன்னால் பிலோமி மைனி பேசினாள். அவள் எப்போதும் பேசுகிறவள் இல்லை, அதனால் நாங்கள் எல்லாரும் திரும்பினோம். "நீங்க எல்லாரும் உங்க உங்க மனுசரு குரலக் கேட்டிய," என்றாள். கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள். "தெனமும் நானும்தான் வந்து இருந்தேன். ஓரமா. யாராவது என்னையக் கேட்டியளா, ஏ பிலோமி, ஒம் புருசன் எந்தப் பக்கம் பாடுதாருன்னு?"

நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். கஸ்பார் அண்ணன் குரலை யாரும் கேட்டதில்லை. அது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எடுத்துக் குடுக்குதவரு பின்பாட்டு பாட மாட்டாரு," என்றாள் மைனி. "உசிரோட இருக்கையிலயும் பாடுனதில்ல, இப்பமும் பாட மாட்டாரு. எனக்கு மொத நாளே தெரியும். தெரிஞ்சும் வந்தேன், ஒரு நாளாவது தப்பிப்போயி அவரு வாயில வந்துராதான்னு. எம் புருசன் குரல நான் கேக்கல. எம் மவ குரலயாவது தனியா ஒரு தடவ கேட்டுக்கிடுதேன், விடுங்க."

பாயிலிருந்து நாங்கள் எழுந்தோம். திரும்பி வரும்போதும் எனக்குக் கோபம் தீரவில்லை, ஆனால் கோபத்தை யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை, வீட்டுக்கு வந்து பூனையைத் திட்டினேன்.

விண்ணரசி மெட்ராசுக்குப் போய்ப் பாட்டுகளையெல்லாம் நிற்காமல் பாடிக்கொடுத்தாள். ஒருத்தரும் வரவில்லையாம். அவள் குரலை முதல் தடவையாகப் போட்டுக் கேட்டபோது அவளுக்கு அடையாளம் தெரியவில்லையாம், இது யார் என்று இளம்பரிதியைக் கேட்டாளாம். ஆனால் ஒரு பாட்டு மிச்சம் இருந்தது. அது அவள் அப்பாவுக்காக எழுதின பாட்டு, கஸ்பார் அண்ணன் எடுக்கிற மாதிரியே எடுக்க வேண்டிய பாட்டு, அதை நிற்காமல் பாடினால் அது அந்தப் பாட்டே இல்லை. நின்று பாடினாள், கண்ணாடி அறைக்குள் கரையே வந்து இறங்கிவிட்டது. எத்தனை தடவை பாடியும் அப்படித்தான். இந்த ஒன்றை விட்டுவிடலாமே என்று இளம்பரிதி சொல்லியிருக்கிறான். மற்ற பாட்டையெல்லாம் வேண்டுமானால் விடுகிறேன், இதை விட மாட்டேன், இதைத் தனியாகப் பாடத்தான் இவ்வளவும் என்று சொல்லிவிட்டு, அவனையும் அவன் பெட்டிகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தாள்.

வந்த அன்றைக்குச் சாயங்காலம் கரையில் ஊரைக் கூட்டினாள். காற்று அடங்கியிருந்தது. இளம்பரிதி மணலில் ஒரு கம்பை நட்டு அதில் மைக்கைக் கட்டினான். அவள் வள்ளத்தின் மேல் ஏறவில்லை, எங்களோடு தரையில் நின்றாள், நின்று, எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஒரு பாட்டு பாக்கி இருக்கு. அப்பாவுக்கு உள்ளது. இதுல நான் நிக்கணும். நின்னா அவிய வருவாவ. வர வேண்டாம்னு நான் சொன்னாக் கேக்க மாட்டாவ, நான் சின்னப்பிள்ள, அவியளுக்கு நான் எப்பமும் கயித்துமேல இருக்க பிள்ளதான். உங்க மனுசங்க, நீங்கதான் சொல்லணும்."

"சொன்னா அப்புறம் வருவாவளா?" என்று மார்த்தாள் கேட்டாள்.

"தெரியாது அத்த," என்றாள். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "ஒரு தடவ போங்கன்னு சொல்லிட்டா அப்புறம் வராமலும் போயிரலாம்."

பிறகு மார்த்தாள் சரி என்று தலையை ஆட்டினாள். சேசுராசின் பெரியவள் சின்னவளைப் பார்த்தாள், சின்னவள் பெரியவளைப் பார்த்தாள், இரண்டு பேரும் ஆட்டினார்கள். வரிசையாக ஒவ்வொருத்தராக ஆட்டிக்கொண்டே வந்தார்கள், எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பிலோமி மைனி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

விண்ணரசி கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள்.

"கயிறு பிடிச்ச கையில் எல்லாம்
காய்ப்பிருக்கு, எனக்கில்லை"

நிறுத்தினாள்.

மார்த்தாள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். சேசுராசின் பெண்டாட்டிகள் ஒரே நேரத்தில் "ஸ்" என்றார்கள். கரை முழுக்க அவரவர் பக்கம் திரும்பி, பூசையில் பிள்ளையை அடக்குகிற மாதிரி, மெதுவாக, பெயர் சொல்லியும் சொல்லாமலும் சொல்லிக்கொண்டார்கள், சொன்ன பக்கமெல்லாம் அடங்கிப்போயிற்று. நான் மட்டும்தான் சொல்லவில்லை. எனக்குப் பின்னால், தோளுக்கு வெகு பக்கத்தில், ஓர் ஆள் பாடுவதற்கு மூச்சு இழுப்பது கேட்டது. எத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவள் நான், அந்த மூச்சு எனக்குத் தெரியாதா. இழுத்துக்கொண்டே இருந்தார். இப்போது வாயைத் திறப்பார், இன்றைக்கும் கேட்கலாம், நாளைக்கும் கேட்கலாம், நான் பேசாமல் இருந்தால் போதும்.

"இந்தாரும்," என்றேன், திரும்பாமலே. "கொஞ்சம் சும்மா இரும். பிள்ளை பாடட்டும்."

உயிரோடு இருந்த காலத்தில் என் பேச்சை ஒரு நாளாவது கேட்டிருப்பாரா அந்த மனுசர். காற்று சரியில்லை, இன்றைக்குக் கடலுக்குப் போக வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன அன்றைக்குக்கூடக் கேட்கவில்லை. இந்தத் தடவைதான் கேட்டார். இழுத்த மூச்சைப் பாடாமல் அப்படியே விட்டார், அது சூடாக என் கழுத்தில் பட்டது.

ஒரு ஏலேலோ அளவுக்குக் கரையில் ஒரு சத்தமும் இல்லை. பிலோமி மைனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். விண்ணரசி அடுத்த வரியை எடுத்தாள்.